வேரடியில் வெள்ளைத் தூள்

ஏப்ரல் 9

பன்னிரண்டு புளூபெர்ரிச் செடிகளில் ஏழு மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை, மற்றபடி இலை வெளுத்துக் கிடக்கிறது. மண்ணில் புளிப்பு குறைந்தால்தான் இப்படி ஆகும். என் மண்ணிலா? கந்தகத் தூள் போட்டு, பைன் சருகு பரப்பி, சுண்ணாம்பு கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல், மழைத் தண்ணீருக்கென்றே போன வருடம் சிமெண்டுத் தொட்டி கட்டி வளர்க்கிறேன். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பிள்ளையும் இல்லை, அது வேறு கதை.

ஏப்ரல் 15

புளிப்பு அளக்கும் சோதனைத் தாள் வைத்துப் பார்த்தேன். ஐந்துக்குள் இருக்க வேண்டிய மண் ஏழு காட்டுகிறது. எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு.

ஏப்ரல் 17

வேரடியில் வெள்ளையாகத் தூள். சாம்பல்! புளிப்பை முறிப்பதே அதுதான். இந்த வீட்டில் வெந்நீருக்கு விறகு அடுப்பு மூட்டுகிறவள் ஒருத்திதான் — பின்பக்க அறைகளில் இருக்கும் தம்பி பெண்டாட்டி. தன் கத்தரிச் செடிக்கெல்லாம் சாம்பல்தான் போடுவாள். நேராகப் போய்க் கேட்டேன்.

"நான் உங்க செடிப் பக்கமே வரலக்கா."

"அப்ப சாம்பல் நடந்தா வந்துச்சு?"

அழுதாள். "விடுக்கா, ஒரு செடிக்காக..." என்று தம்பி நடுவில் வந்தான். ஒரு செடியா? எட்டு வருஷம்டா! எங்க அப்பா வீட்ல ஒண்ட வந்தவளுக்கு இவ்வளவு வயித்தெரிச்சலான்னு கேட்டுட்டேன். கேட்டா என்ன?

ஏப்ரல் 30

வீடு மாற்றிப் போய்விட்டார்கள். வேன் கிளம்பும்போது தம்பி திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. பீடை ஒழிந்தது.

மே 21

பத்து மஞ்சள். வேரடியில் மறுபடியும் வெள்ளை. அடுப்பே மூட்டாத வீட்டில் சாம்பல் எங்கிருந்து வரும்? பழையது மேலே வந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். இருக்காதா?

ஜூன் 12

தம்பிக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனேன். மூன்றாம் மாடி. பால்கனியில் பழைய பெயிண்ட் டப்பாவில் ஒரு புளூபெர்ரி. நான் எப்போதோ பதியன் போட்டுக் கொடுத்ததுதான். கொத்துக் கொத்தாய்ப் பழம். ஓர் இலைகூட மஞ்சள் இல்லை.

"என்ன தண்ணி ஊத்துற?" என்று அவளிடம் கேட்டேன்.

"மழைத் தண்ணிதான். மொட்டை மாடில வாளி வெச்சுப் பிடிக்கிறேன்."

வாய்க்கு வாய் 'அக்கா' என்பாள். இன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அதே மழை. அவளுக்கு வாளி, எனக்குத் தொட்டி.

ஜூன் 13

தொட்டித் தண்ணீரில் தாளை நனைத்தேன். ஒன்பது.

புதுச் சிமெண்டு சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வெள்ளைத் தூளும் அதன் படிவுதான். ஒரு வருஷமா என் கையாலேயே மொண்டு மொண்டு ஊத்தியிருக்கேன். குழாய்த் தண்ணி ஆகாதுன்னு ஒதுக்கின பெரிய அறிவாளி! அவளுக்குப் போன் பண்ண வேண்டும்.

ஜூன் 14

பண்ணவில்லை.

ஜூன் 20

பண்ணவில்லை. தொட்டியை இறைத்துவிட்டேன்.

ஜூலை 6

மீதிச் சாமான் எடுக்கத் தம்பி வந்தான். தோளில் ஒரு சாக்கு பைன் சருகு.

"அவ குடுத்தனுப்பினா. உங்கக்கா அந்தத் தொட்டித் தண்ணிய நிறுத்திட்டாங்களான்னு கேட்டா."

சாக்கை வாங்கிக் கீழே வைத்தேன்.

"புதுச் சிமெண்டு ஆகாதுன்னு அவளுக்கு அப்பவே தோணிச்சாம்க்கா. தப்பிக்கறதுக்காகச் சொல்றான்னு நீ நினைப்பியோன்னு சொல்லலையாம்."

நினைத்திருப்பேன். அதற்கும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

"அவகிட்ட ஏதாச்சும் சொல்லணுமாக்கா?" வாசலில் நின்று கேட்டான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாக்கைப் பிரித்துக் கைவிட்டுப் பார்த்தேன்.

"சருகு ஈரமா இருக்கு. காய வெச்சு அனுப்பியிருக்கலாம்னு சொல்லு."

தலையாட்டிவிட்டுப் போனான். பின்பக்க அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.