நாலடி ஓடிய தண்ணீர்

தம்பிக்கு,

ஆற்றை மறித்து நீ கட்டிய அணையின் திறப்பு விழாவில் மாலையோடு நின்ற படம் வந்தது. தலைமைப் பொறியாளரால் அன்றைக்கு அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வர முடியாதுதான். சித்தப்பா மகன் வைத்தான்.

அணை நிரம்பும்வரை தண்ணீர் வராது என்று ஊரே சும்மா இருந்தபோது அப்பா மட்டும் நாற்று விட்டார். "கட்டுனது எம் புள்ள. தண்ணி விடாமலா இருப்பான்?" என்றார். நாற்று கருகிய பிறகும் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொள்ளி வைத்த மறுநாள் அஸ்தி கரைக்கப் போனோம். காவிரியில் வெறும் மணல். சித்தப்பா, "பம்புசெட்லேருந்து ரெண்டு குடம் கொண்டாங்க, கரைச்சிடலாம்" என்றார். ஊற்றினோம். நாலடி ஓடி நின்றுவிட்டது.

காரியத்துக்காவது வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. மதகை என்றைக்குத் திறப்பாய் என்று மட்டும் சொல். அப்பா இன்னும் படித்துறைக்குக் கீழேதான் கிடக்கிறார்.

அக்கா