சம்சோன் கடித்தவர்கள்

4-3-1951, ஞாயிறு
இன்று சம்சோன் யாரையும் கடிக்கவில்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாதென்று ரப்பர் தோட்டத்து லய வீடுகளையெல்லாம் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து மூன்று வாரம். முன்பு என் ஆட்டுக் கொட்டகை ஆற்றோரம், தனியாக. இப்போது பக்கத்து வீட்டுத் தாயம்மாவின் அடுப்படியிலிருந்து பத்தடி. நாய்க்கு இதை யார் சொல்வது? கண் திறக்குமுன்பே அவனை ஆடுகளோடு விட்டேன், ஆட்டுப்பால்தான் குடித்தான். யாரும் தொட்டுத் தடவக்கூடாதென்பது என் சட்டம். மனிதக் கை பட்டால் நாய் ஆட்டை மறந்துவிடும். நானும் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

9-3, வெள்ளி
அரிசி ஒளித்திருக்கிறதா என்று ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அர்ஜுனன் கொட்டகைத் தழைக்கட்டைக் கம்பியால் குத்தினார். சம்சோன் அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டான். லயமே சிரித்தது. "யூஜினியாக்கா, ஒங்க நாய்க்கு மாலை போடணும்லா!" என்றாள் தாயம்மா. நான் அர்ஜுனனிடம் மன்னிப்புக் கேட்டேன். மனத்துக்குள் பெருமை. தவக்காலத்துப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

20-3, செவ்வாய்
கங்காவைக் கடித்துவிட்டான். தாயம்மாவின் மகள், ஐந்து வயசு. கொட்டகைக்குள் நுழைந்து ஆட்டுக்குட்டியைத் தூக்கியிருக்கிறாள், குட்டி கத்தியிருக்கிறது. கையில் ஆறு தையல். கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு லோரியில் நானும் போனேன். பிள்ளை அழுதுகொண்டே, "குட்டிக்கு வலிச்சிச்சா?" என்று கேட்கிறது.

தாயம்மா திட்டவில்லை. "அன்னைக்கு நாந்தானேக்கா சிரிச்சேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

21-3
துரை உத்தரவு: சனிக்கிழமை நாயைச் சுட வேண்டும். சுடுபவர் அர்ஜுனன்.

என் வீட்டுக்காரர் சூசைமுத்து, "நாய் மேல என்ன தப்பு? நீ பழக்குனதத்தான் அது செய்யுது" என்றார். அவர் சொன்னது சரிதான். மனுசன்னா எதிரின்னு வளத்தது யாரு? நாந்தான். சாகப் போறது அவன்.

23-3, பெரிய வெள்ளி
கோயிலுக்குக் கிளம்பும்போது அர்ஜுனன் நொண்டிக்கொண்டே வந்தார். "தோட்டாவ வீணாக்குவானேன்? வேலி கேட்டுல காவலுக்குக் குடுங்கக்கா, வெளிய போறவங்களச் சோதிக்கிற எடத்துல. இந்தப் பல்லு எங்க பக்கம் இருக்கட்டும். தொரைகிட்ட நா பேசுறேன்."

கடிபட்டவரே வக்கீல்! துரை சம்மதித்தார் — இனி ஒருவரைக் கடித்தால் துப்பாக்கிதான் என்று.

2-4, திங்கள்
கேட்டில் சம்சோன் ஆட்டுக்குட்டியாகிவிட்டான். காக்க ஆடு இல்லை. ஆகவே எல்லாரும் நல்லவர்கள். பால்மரம் சீவப் போகிற பெண்களுக்கெல்லாம் வாலாட்டுகிறான்.

"இதென்னக்கா, கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாமா மாதிரி எல்லாரையும் வா வாங்குது!" — அர்ஜுனனுக்குத் தாங்கவில்லை.

5-4
ஆட்டுக்குத் தழை வெட்ட வெளியே போகக் கேட்டுக்கு வந்தேன். சோதிப்பதற்காக அர்ஜுனன் என் கூடையில் கை வைத்தார். சம்சோன் எழுந்து எங்கள் நடுவில் நின்று பல்லைக் காட்டினான். அர்ஜுனனின் கை துப்பாக்கிக்குப் போனது. நான் கூடையைப் போட்டுவிட்டு லயத்துப் பக்கம் திரும்பி ஓடினேன்; அவன் அடங்கினான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்மேல் இவ்வளவு பாசமா?

வீட்டுக்கு வந்து புடவையை முகர்ந்து பார்த்தேன். ஆட்டு வாடை. மரியாதை அதற்குத்தான்.

6-4, வெள்ளி
விடிந்ததும் சவுக்காரம் போட்டுத் தலையோடு குளித்தேன். பெட்டியிலிருந்த புடவை. தாயம்மாவின் கூடை. கொட்டகை வேலையெல்லாம் இனித் திரும்பி வந்த பிறகுதான்.

கேட்டில் அவன் என்னை முகர்ந்தான். மற்றவர்களுக்கு ஆட்டுவதுபோலவே எனக்கும் வாலாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். அர்ஜுனன் கூடையைக் கவிழ்த்துப் பார்த்து, "போங்கக்கா" என்றார்.

போனேன்.