பொருளியல் வகுப்புப் பலகையில் என் மகன் தலையில் கை வைத்திருக்கும் படம்

அனுப்புநர்:
குஞ்சம்மாள்,
க/பெ. (லேட்) சின்னண்ணன்,
கொளத்துமேடு, மல்லசமுத்திரம் வழி,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: கொளத்துமேடு அரசு மேல்நிலைப் பள்ளி – பன்னிரண்டாம் வகுப்பு பொருளியல் செய்திப் பலகை – என் மகன் படம் – விசாரித்து மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பேரன் இளஞ்செழியன் டிப்ளமா முடித்து மேட்டூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். அவனுக்குக் கீழே ஆட்கள் உண்டு. பேத்தி தேவிப்ரியா அயோத்தியாப்பட்டணத்தில் நர்ஸ்; அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று தேடி வருகிறார்கள். கடைசிப் பேத்தி பிரவீனா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு; பத்தாம் வகுப்புத் தேர்வில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். முதலாவது வந்த பையனின் தகப்பனார் அதே பள்ளியில் வாத்தியார். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொடுத்தால், நான் சொல்லாததைச் சேர்ப்பார், சொன்னதை விட்டுவிடுவார்.

பிரவீனாவுக்குப் பொருளியல் எடுப்பவர் மஞ்சுளா டீச்சர். வாராவாரம் பிள்ளைகள் பேப்பரில் வந்த செய்தியை வெட்டிக்கொண்டு வர வேண்டும். அதைப் பலகையில் ஒட்டி, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், ஏன் என்று கேட்டுப் பாடம் நடத்துகிறார். அரசாங்கம் புத்தகம் கொடுத்திருக்கும்போது பேப்பர் எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம். தங்கம் விலை ஏறிய செய்தி வந்தபோது, வீட்டில் நகை வாங்குவதைத் தள்ளிப் போட்டீர்களா என்று கேட்டு வரச் சொன்னார். எங்கள் வீட்டு நகை பற்றி டீச்சருக்கு என்ன வந்தது?

பிறகு மரவள்ளிச் செய்தி வந்தது. எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு. எப்போது பிடுங்கப் போகிறீர்கள், ஏன் இன்னும் கொஞ்சநாள் விடவில்லை என்று பெற்றோரைக் கேட்டு வரச் சொன்னார். ஐயா, லாரி வந்து நிற்கும்வரை கிழங்கு பிடுங்கும் நாளை நாங்கள் பக்கத்துக் காட்டுக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டோம். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குத் தெரிந்தால் விலையை இறக்கிவிடுவார்கள். மஞ்சுளா டீச்சரின் வீட்டுக்காரர் ஒரு சேகோ மில்லில்தான் கணக்கு எழுதுகிறார். பிள்ளைகள் கேட்டு வந்த மறுவாரமே விலை விழுந்தது.

நேரில் போய்க் கேட்டேன். டீச்சர் எழுந்து நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, பிள்ளைகள் எழுதிய தாள்களைக் காட்டினார். எதிலும் யார் வீடு என்று பெயர் இல்லை. “சொந்தக் காட்டுச் சங்கதிய வெச்சுப் படிச்சா புள்ளைங்களுக்கு மறக்காதுங்கம்மா” என்றார். அவ்வளவு மரியாதையாகப் பேசியதால் என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இதைத் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

இப்போது படத்துக்கு வருகிறேன். விலை விழுந்த வாரம் ஒரு பேப்பர்க்காரர் எங்கள் காட்டுக்கு வந்தார். என் மகன் தமிழரசு கிழங்குக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். “அண்ணா, டம்ளரக் கீழ வெச்சுப்போட்டுத் தலைல கை வைங்க, பேப்பர்ல நல்லா வருமுங்க” என்றார். என் மகன் யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லாதவன். வைத்தான். தாங்கள் உற்றுப் பார்த்தால் அவன் காலடியில் அந்த டம்ளர் தெரியும். விலை இறங்கியது உண்மை. அவன் தலையில் கை வைத்தது உண்மை அல்ல.

அந்தப் படத்தைப் பலகைக்குக் கொண்டுபோனது யார் என்று நான் ஊரெல்லாம் சந்தேகப்பட்டேன். கொண்டுபோனவள் பிரவீனாவேதான். அப்பா பேப்பரில் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் வெட்டி எடுத்துப் போயிருக்கிறாள். இப்போது பஸ் ஸ்டாப்பில் பையன்கள் என் மகனைக் கண்டால் தலையில் கை வைத்துக்கொண்டு “வணக்கமுங்க மாமா” என்கிறார்கள். அவன் அந்த வழியை விட்டு ஏரிக்கரை சுற்றிப் போகிறான். பெற்றோர் கூட்டத்துக்கும் வரவில்லை. “என்னாலதானுங்க அப்பத்தா” என்று அழுத பிள்ளை, பொருளியல் வகுப்பு நேரத்தில் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அடுத்த மாதம் அரசுத் தேர்வு.

கழற்றிவிடுகிறேன் என்று டீச்சர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். கழற்றினால், கெஞ்சிக் கழற்ற வைத்தார்கள் என்று பேச்சு வரும். வேறு படம் ஒட்டுங்கள் என்றேன். பேப்பரில் வந்த படத்தை மட்டுமே ஒட்டுவது வழக்கம் என்றார். சரி என்று அதே பேப்பர்க்காரருக்குப் போன் போட்டேன். “அண்ணன் நல்லா நிக்கறதெல்லாம் செய்தி ஆகாதுங்க ஆத்தா. வெல மறுபடி எறங்குனா கூப்புடுங்க, ஓடியாரேன்” என்றார். ஆகவே தங்களிடம் வருவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

நல்லா நிற்பது செய்திதான், ஐயா. விலை விழுந்ததும் சுற்றுக்காட்டுக்காரர்கள் எல்லாம் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்கள். என் மகனும் மாறத்தான் இருந்தான். மரத்தடிக்குப் போவதற்கு முன் வகுப்பில் கேட்ட பாடத்தை வைத்து, பிரவீனா அவனிடம், “எல்லாரும் உட்டுப்போட்டா அடுத்த வருசம் கெழங்கு வரத்து கொறையுமுங்கப்பா. அப்ப வெல ஏறும். நீங்க கெழங்கே நட்டுருங்க” என்றாள். அவன் நட்டுவிட்டான். மஞ்சுளா டீச்சர் சொன்னது பலித்தால் நானே போய் அவருக்குக் கை கூப்புவேன். பலிக்காவிட்டால் அடுத்த தையில் தங்களுக்கு இன்னொரு மனு வரும்.

இத்துடன் என் பேரன் இளஞ்செழியன் போனில் எடுத்த படம் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று தங்கள் பார்வைக்கு, ஒன்று பலகைக்கு. அதே காடு, அதே சட்டை. என் மகன் கிழங்கு நடும் குச்சிகளைக் கட்டாகத் தோளில் வைத்து நிமிர்ந்து நிற்கிறான். யாரும் அவனை அப்படி நிற்கச் சொல்லவில்லை. ஆளில்லாத நேரத்தில் அல்லாமல், வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது, பிரவீனாவை மரத்தடியிலிருந்து கூப்பிட்டு, அவள் கையாலேயே பழைய படத்துக்குப் பக்கத்தில் இந்தப் புதுப் படத்தை ஒட்ட வைக்கும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும்.

நாள்: 09.02.2026
இடம்: கொளத்துமேடு

தங்கள் உத்தரவைப் பார்த்திருக்கும்,
சி. குஞ்சம்மாள்
(கையொப்பம், ரேகை அல்ல)