மூன்று வரிதானே என்றாய்

எஸ்கனாபா, மிச்சிகன்
மார்ச் 2006

அன்பு மகள் ஆஸ்ட்ரிடுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, கலிபோர்னியா வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் தேவலை, ஆனால் பனி அள்ளாதே என்றால் கேட்பதில்லை.

போன ஞாயிறு போனில் கத்தியதற்கு அம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள், "பொண்ணு சம்பளம் வாங்குற கம்பெனிய அவகிட்டயேவா திட்டுவ?" என்று. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழக நூலகம் உங்கள் தேடுபொறிக் கம்பெனிக்கு ஸ்கேன் செய்யக் கொடுத்த புத்தகங்களோடு என் கவிதைப் புத்தகமும் போயிருக்கிறது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டாமென்றால் எழுதித் தாருங்கள், எடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். வீடு புகுந்து எடுத்துப் போகிறவன் பேசுகிற பேச்சா இது? நீயோ, "முழுசாவா காட்டுறோம்? தேடுற வார்த்தைய ஒட்டி மூணே மூணு வரிதானேப்பா, இப்படி ஒரு புத்தகம் இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்று சிரித்தாய். அடி பெண்ணே, நாவல் எழுதுகிறவனுக்கு மூன்று வரி போனால் ஒன்றுமில்லை. நான் வாழ்நாள் முழுக்க எழுதியதே மூன்று வரிக் கவிதைகள். கணினியில் "பனி" என்று தட்டினால் ஒரு கவிதை முழுதாக வந்து நிற்கிறது, "படகு" என்று தட்டினால் இன்னொன்று. அப்புறம் புத்தகத்தை எவன் வாங்குவான்?

வக்கீல் டன்னிங்கிடம் போனேன். மனிதர் சந்தோஷத்தில் குதிக்காத குறை. "மத்த எழுத்தாளருங்க கேஸ் போட்டா, கொஞ்சமா எடுத்துக் காட்டுறது நியாயமான பயன்பாடுதான்னு கோர்ட்டு தள்ளிடலாம், உங்களுது அப்படியில்ல, முழுக் கவிதையையும்ல காட்டுறான்" என்றார். கோர்ட்டில் வாசிக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார், நீ வீட்டைவிட்டுப் போன அன்று எழுதியதைச் சொன்னேன். மனுவில் என் கையெழுத்து மட்டும் பாக்கி. அதைப் போட்டால் உன் வேலைக்கு இடைஞ்சல் வருமா, ஒளிக்காமல் எழுது, அந்தக் கவலையில் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

நேற்று உன் அறையைக் கூட்டும்போது, கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி அலமாரியில் இருந்தது, சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கவில்லை. உங்கள் இயந்திரம் ஒரு பக்கம் விடாமல் எடுத்துவிட்டது, என் மகள் ஒரு பக்கமும் திறக்கவில்லை. என் கோபத்தில் பாதி இதுதான் போலிருக்கிறது. வலிக்கிறதம்மா. புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். படித்த பிறகும் மூன்று வரிதானே என்று உனக்குத் தோன்றினால் சொல், கையெழுத்துப் போடாமல் வழக்கை விட்டுவிடுகிறேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. முதல் பக்கத்திலிருந்து படி, அதில் நீ எங்கே இருக்கிறாய் என்று கணினியில் தேடாதே.

உன் அப்பா,
ஆர்வில் லிண்ட்குவிஸ்ட்