வார்டு வாசலில் நின்ற தாய்

ஈப்போ
14.8.1988

அன்புள்ள அம்மாவுக்கு, பவளக்கொடி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நான் தாதியாக வேலை பார்க்கும் வார்டில் எய்ட்ஸ் கண்ட ஒருவன் கிடந்தான். தொட்டால் தொற்றும் என்று பயந்து, அவன் தாய் மூன்று நாளாக வாசலிலேயே நின்றார்.

நேற்றுக் காலை நான்தான் கூப்பிட்டேன். "கையப் பிடிச்சா ஒட்டாதும்மா. ரத்தம், ஊசியிலதான் கவனமா இருக்கணும். அத நாங்க பாத்துக்கிறோம்லா. உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்து மகனின் கையைப் பிடித்தபோது அவனுக்கு நினைவில்லை. மதியமே இறந்துவிட்டான்.

"மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா, மிஸ்ஸி?" என்று அழுதார்.

படித்திருந்தும், முதல் நாள் அவனைத் தொட நானே பயந்தேன் அம்மா. அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
பவளம்