அன்டனா இல்லாத ரவுட்டரும் நான் அனுப்பிய வரைபடமும்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
02.08.2025, சனிக்கிழமை

அன்பு மகள் ஷெரிலுக்கு,

ஆண்டவருடைய பராமரிப்பில் நானும் அம்மாவும் உடலளவில் குறைவின்றி இருக்கின்றோம். நீயும் மெல்பேர்ணின் அந்தக் குளிரில் நேரத்துக்கு உண்டு, உறங்கி, நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட மன்றாட்டு. உடலளவில் என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. அதைக் கீழே முறைப்படி எழுதுகின்றேன். வியாழக்கிழமை நீ அழைத்தபோது கச்சான் காற்றைப் பற்றியும் வாவியில் நீர் வற்றியிருப்பதைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது நேர்மையான செயல் அன்று. உன்னிடம் அப்பொழுதே சொல்ல வேண்டிய ஒரு விடயம் என்னிடம் இருந்தது. பேசினால் நீ அழுவாய், நான் விதிகளைப் பேசுவேன், கடைசியில் இருவருக்கும் ஒன்றும் விளங்காமல் போகும் என்று அஞ்சி, வழக்கம்போல் தட்டச்சுச் செய்து, ஒப்பமிட்டு, மின்னஞ்சலில் அனுப்புகின்றேன். திங்கட்கிழமை நீ வேலையைத் தொடங்கும் முன் இதனை முழுவதும் வாசித்துவிட வேண்டும்.

முதலில் அம்மாவின் விடயம். சத்திரசிகிச்சை இம்மாதம் 19ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை என்று வைத்திய நிபுணர் உறுதி செய்துவிட்டார். கர்ப்பப்பையை அகற்றிய பின் ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, முதல் இரண்டு வாரமும் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். பக்கத்தில் நான் இருப்பேன் என்றேன். அதற்கு அம்மா, "பொம்புள வருத்தத்துக்குப் பொம்புளப் புள்ளதான் பக்கத்தில இருக்கணும், நீங்க குளிசைக்கு அட்டவணை போட்டுட்டுக் கதிரையில இருப்பீங்க" என்று சொன்னார். அது உண்மைதான், மருந்து நேர அட்டவணையை ஏற்கெனவே போட்டுவிட்டேன். நீ 15ஆம் திகதி வந்து செப்டெம்பர் இறுதி வரை நின்று, உன் காப்புறுதி நிறுவனத்தின் வேலையை நம் வீட்டிலிருந்தே செய்வாய் என்று அறிந்த நாளில் அவர் உன் அறையின் திரைச்சீலைகளைக் கழற்றிக் கழுவினார். நீ வந்தால் பயமின்றிப் போவேன் என்று பக்கத்து வீட்டு ரெனி அன்ரியிடம் சொன்னதை நானே கேட்டேன். ஆகவே நீ கேட்ட ரவுட்டரைப் பிழையின்றித் தெரிவு செய்வது என் கடமை என்று எண்ணினேன். இந்தக் கடிதத்தின் குழப்பம் முழுவதும் அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது.

நீ அனுப்பிய பட்டியலைப் பிரதி செய்து, கட்டம் போட்ட தாளில் அட்டவணையாக்கினேன். கேபிள் மட்டும் பாவிக்க வேண்டும், வை-பை இருக்கக் கூடாது, இருந்தாலும் நிறுத்தி வைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். வி.பி.என். வசதி பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றும், அந்த இணைப்பு அறுந்தால் வீட்டு இன்டர்நெட் தானாக உன் கணினியைத் தொடாமல் எல்லாமே நின்றுவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வி.பி.என். என்பது பொது வழியின் அடியில் தோண்டிய தனிச் சுரங்கம் போன்றது, அதற்குள் போவதை வெளியார் பார்க்க முடியாது என்பது வரை எனக்கு விளங்கியது. ஆனால் இக்காலத்தில் எல்லோரும் கம்பியை விட்டு ஓடும்போது நீ ஏன் கம்பியைக் கேட்கிறாய் என்பதும், இணைப்பு அறுந்தால் மாற்று வழி தேடாமல் ஏன் முற்றாக நிற்க வேண்டும் என்பதும் விளங்கவில்லை. காரணம் விளங்காத நிபந்தனையையும் நிறைவேற்றுவது நில அளவையாளனான என் தொழிற்பழக்கம். காணிக்காரர் கல்லை இங்கே நடு என்றால் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பேனே தவிர மனத்தைப் பார்ப்பதில்லை.

புதன்கிழமை காலை பிரதான வீதியில் அஸ்பாக்கின் கணினிக் கடைக்குப் போனேன். ஏறாவூரில் அவருடைய வாப்பாவின் வளவை அளந்து கொடுத்த நாளிலிருந்து அவர் என்னைத் தெரிந்தவர். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அன்டனா இல்லாத ரவுட்டர் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான் சேர், மத்தவங்க நாலு காணாது ஆறு அன்டனா வெச்சது தாங்க எண்டுதான் வாறாங்க" என்று சிரித்தார். இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக், அட்டையில் வி.பி.என். என்று பெரிதாக இருந்தது, ஆனால் கைநூலை வாசித்தால் வேறொருவர் போடும் சுரங்கத்தைத் தன் ஊடாகப் போக விடும், தானாக ஒன்றும் போடாது என்றிருந்தது. மற்றது இரும்புக் கூடு. அட்டையில் வேகம் ஆயிரம், கைநூலின் பொடி எழுத்தில் சுரங்கத்துக்குள் அதே வேகம் நூறுக்கும் குறைவு. எந்த எண்ணை அட்டவணையில் எழுதுவது என்று கேட்டேன். இரண்டும் சரிதான் என்றார். ஒரே பொருளுக்கு இரண்டு அளவு எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். "சேர், இது காணி இல்ல, நாடா புடிச்சு அளக்கேலாது" என்றார். அந்தப் பெட்டி இருபது சுரங்கம் தாங்கும் என்றும் எழுதியிருந்தது. மூன்று பேர் இருக்கப் போகும் வீட்டில் இருபது சுரங்கம் எங்கே போகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அத்துடன் சில பெட்டிகள் சுரங்கத்தைத் தொடங்குமாம், சிலவை வரும் வரை காத்திருக்குமாம். "ஒண்டு வாசல்ல நிக்கிற ஆள், மத்தது வாசலத் தேடிப் போற ஆள். மத்தப் பக்கம் என்ன பெட்டி கிடக்கு எண்டு கேட்டுச் சொல்லுங்க சேர், அப்பதான் இஞ்ச எது பொருந்தும் எண்டு சொல்லலாம்" என்றார்.

மகளே, நான் செய்த பிழை இங்கேதான் நிகழ்ந்தது. மற்றப் பக்கம் என்றால் உன் அலுவலகம் என்றே எண்ணினேன். வேலைக்குப் போகும் சுரங்கம் வேலைத்தலத்தில்தானே முடிய வேண்டும். உன்னைக் கேட்டிருக்கலாம், ஆனால் அங்கே அப்பொழுது பிற்பகல், வேலை நேரத்தில் அழைக்க வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாய், தவிர, தொழில்நுட்பக் கேள்வியைத் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்பதே முறை. சென்ற ஆண்டு நீ உன் வேலை மேசையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். அந்த மடிக்கணினியின் மூடியில் உதவிப் பிரிவின் மின்னஞ்சல் முகவரி ஒட்டியிருந்தது. படத்தைப் பெருப்பித்து அதை எடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். எனது மகள் செல்வி ஷெரில் ஓகஸ்ட் 15 முதல் செப்டெம்பர் 30 வரை இலங்கையின் மட்டக்களப்பிலுள்ள எமது இல்லத்திலிருந்து தனது கடமைகளை ஆற்றவிருப்பதால், உங்கள் பக்கத்திலுள்ள ரவுட்டரின் வகையைத் தயவுடன் அறியத் தரவும் என்று கேட்டேன். கேபிள் உன் அறைக்கு வரும் பாதையை அளவுடன் வரைந்து இணைப்பு ஒன்று எனச் சேர்த்தேன். வடதிசைக் குறியும் போட்டேன். பதினொன்று பத்துக்கு அனுப்பினேன்.

பின்னேரம் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையோடுதான் போனேன். அஸ்பாக் முதல் பக்கத்தை வாசித்தார், சிரிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தைப் புரட்டி வரைபடத்தைப் பார்த்தார். "சேர், இத அனுப்பிட்டீங்களா" என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். மற்றப் பக்கம் என்பது உன் அலுவலகம் அன்று, நீ மெல்பேர்ணில் குடியிருக்கும் வீடு என்பதை அப்பொழுதுதான் அவர் வாயால் அறிந்தேன். உன் கணினியிலிருந்து போவதெல்லாம் முதலில் அந்த வீட்டுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வெளியே வந்தால், நீ அங்கேயே இருந்து வேலை செய்வதாக நிறுவனம் எண்ணும். வை-பை போட்டால் கணினி அயல் வீட்டு வை-பைகளை எல்லாம் மோப்பம் பிடித்துத் தான் எந்த ஊரில் இருக்கின்றது என்று கண்டுபிடித்துவிடும், அதற்காகவே கம்பி. சுரங்கம் அறுந்தால் ஒரு கணம் இலங்கை முகவரி வெளியே தெரிந்துவிடும். அதற்காகவே முழுவதும் நிற்க வேண்டும். எனக்கு விளங்காத இரண்டு நிபந்தனைகளும் ஒரே நிமிடத்தில் விளங்கின. "நான் சேருக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சன். சேர், ஆள் ஒளிச்சி வாற பாதைய நீங்க அளவெடுத்துப் படம் கீறி, வடக்குத் தெற்கும் போட்டு, தேடுற ஆக்கள்ட்டயே குடுத்திருக்கிறீங்க" என்றார். அனுப்பிய கடிதத்தைத் திருப்பி எடுக்க வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். தேநீர் வந்தது, குடித்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை.

வியாழக்கிழமை நீ பேசி முடித்த பின் அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "இருவத்தஞ்சு வருசமா ஊராக்கள்ட வேலியெல்லாம் நேராக்கினீங்க, இப்ப சொந்தப் புள்ள வாற வழியில வேலிய நட்டுட்டு வந்து நிக்கிறீங்க" என்றார். அதன்பின் இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. சோறு மேசைக்கு வரும், தண்ணீர் வராது. நானே எடுத்துக் குடித்தேன்.

நிறுவனத்திலிருந்து முதலில் என் கடிதத்தைப் பதிந்த இலக்கம் ஒன்று மட்டும் வந்தது. நேற்று, வெள்ளிக்கிழமை, ஓர் உத்தியோகத்தர் எழுதியிருந்தார். என் கடிதத்துக்கும் மிகத் தெளிவான வரைபடத்துக்கும் நன்றி, விடயம் ஷெரிலின் மேலாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது, அவர் திங்கட்கிழமை காலை அவளுடன் பேசுவார் என்று மூன்று வரி. பல தடவை வாசித்தேன். மிகத் தெளிவான என்பது பாராட்டா, பரிகாசமா, அழைப்பாணைக்கு முன் சொல்லும் மரியாதையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நீ அவர்களிடம் கேட்டு அவர்கள் மறுத்தார்களா, மறுப்பார்கள் என்று எண்ணிக் கேட்காமலே விட்டாயா என்பதும் எனக்குத் தெரியாது. செய்யும் வேலை ஒன்றே, செய்யும் கை ஒன்றே, நாடு மட்டும் மாறினால் அது எவ்வளவு குற்றம் என்று சிந்தித்துப் பார்த்தேன். சில வேளை பெரிதாகத் தெரிகிறது, சில வேளை ஒன்றுமில்லை என்று தெரிகிறது. உன்னைக் கண்டிக்கும் தகுதி எனக்கில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். நேற்றுப் பின்னேரம் நான் இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதினேன். முதற் கடிதம் தவறான விளக்கத்தால் அனுப்பப்பட்டது, என் மகள் வேலை செய்ய அல்ல, விடுமுறையைக் கழிக்கவே வருகிறாள் என்று எழுதினேன். நான்கு வசனங்கள், நான்கும் பொய். இதுவரை என் ஒப்பத்தின் மேல் அளவில் பிழை வந்திருக்கலாம், தெரிந்தே பொய் வந்ததில்லை. அதை அச்செடுத்து, ஒப்பமிடப் பேனையைக் கையில் எடுத்தேன் என்பதை நீ அறிய வேண்டும்.

இன்று காலை அம்மா வந்து மேசையில் கிடந்த அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். திட்டுவார் அல்லது அனுப்பச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. நீ வந்தால் எத்தனை மணிக்கு வேலை தொடங்கும் என்று கேட்டார். அங்கே ஒன்பது என்றால் இங்கே அதிகாலை நாலரை, முடியும்போது மதியம் ஒன்று என்றேன். கணினியைத் தூக்கிக்கொண்டு தன் கட்டிலடிக்கு வரலாமா என்று கேட்டார். கம்பியைக் கழற்ற முடியாது, மேசையை விட்டு எழும்பினால் வேலை நின்றுவிடும் என்றேன். கதவு பூட்டியிருக்குமா, பேச்சுக் குரல் கேட்கக் கூடாதா என்று கேட்டார். ஓம், கோவில் மணி கேட்டாலும் கேள்வி வரும் என்றேன். அப்பொழுது அவர் கட்டிலில் அமர்ந்து, இதை அப்படியே எழுதுங்கள் என்று சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகின்றேன். "மகள், ஆறு கிழமை வந்து ஒளிச்சி இருக்காத. நீ அடுத்த அறையில இருந்தும் அவுஸ்திரேலியாவிலதான் இருப்பாய், நான் கூப்பிட ஏலாது. ரெண்டு கிழமை வா, சம்பளம் இல்லாத லீவு எண்டாலும் காரியமில்ல, ஆனா என்ட பக்கத்தில இரு. அதுவும் தர மாட்டாங்க எண்டா நான் ரெனியோட போறன், எனக்குப் பயமில்ல, நீ கிறிஸ்மசுக்கு வா. பப்பாவோட கோவிக்காத, அவருக்கு வளைஞ்ச கோடு வராது." சொல்லி முடித்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். பயமில்லை என்று அவர் சொன்னது உண்மை அன்று என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இரண்டாவது கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். திங்கட்கிழமை உன் மேலாளர் உன்னை அழைக்கும் வரை காத்திராதே. அவர் கதிரையில் அமரும் முன் நீ போய் நில். அம்மாவின் சத்திரசிகிச்சையைச் சொல், திட்டமிட்டதை மறைக்காமல் சொல், இன்னும் எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல், இரண்டு வார விடுப்பைக் கேள். வைத்திய நிபுணரின் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். வேலைக்கு ஆபத்து வந்தால் அதில் என் பங்கு எவ்வளவு என்பதை நான் அறிவேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இதைத் தகப்பன் மகளிடம் எழுதும் முறை எது என்று தெரியாததால் நேரடியாகவே எழுதுகின்றேன். விமானச் சீட்டின் திகதியை மாற்ற வேண்டியிருந்தால் மாற்று, இரத்துச் செய்துவிடாதே. எந்த ரவுட்டரை எடுத்து வைப்பது என்று அஸ்பாக் இன்று காலையும் கேட்டார். எதுவும் வேண்டாம், மகள் வந்தால் கம்பியில்லாமல் வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, திங்கட்கிழமை உன் நாவுக்குத் தைரியமும் கேட்பவர் உள்ளத்துக்கு இரக்கமும் தருவாராக. அம்மாவின் முத்தங்கள். கழுத்தை மூடி உடுத்துக்கொள். மறந்துவிடாதே: அங்கே காலை ஒன்பது மணிக்கு முன். இங்கே அது நாலரை. நாங்கள் இருவரும் விழித்திருப்போம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
பப்பா
பிரடெரிக்