அம்பயர் பரீட்சை

சாந்தோம், செப்டம்பர் 1946

அன்புள்ள பியாட்ரிஸ்,

கிரிக்கெட் அம்பயர் பரீட்சையில் தேறிவிட்டேன். சொல்ல வீட்டில் யாருமில்லை.

அன்று உன் தம்பி மர்சலின் கேள்வித்தாளை முன்கூட்டியே கொண்டுவந்து, "பாத்துக்கோ மச்சான், ரெண்டு பேரும் பாஸாயிடலாம்" என்றான். நான் நேரே சங்கத்துச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். வேறு கேள்விகளோடு பரீட்சையை மறுபடி நடத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். நடத்தினார்கள். ஆனால் அவனை ஆயுளுக்கும் விலக்கிவிட்டார்கள்.

"மொதல்ல அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டாய்.

நேற்று எனக்கு முதல் ஆட்டம். மர்சலின் வேலிக்கு வெளியே நின்றிருந்தான். இடைவேளையில் அவனிடம் போனேன். என் வெள்ளைக் கோட்டின் காலரைச் சரிசெய்து, "நல்லா கீது மச்சான்" என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அதற்குப்பின் ஆட்டம் முடியும்வரை எனக்குப் பந்து சரியாகத் தெரியவில்லை.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்